ஈரத்துணியோடு ஒரு சொல்

எங்கள் மெஸ்ஸில் இரண்டு பேர் ஒரே தட்டில் சாப்பிடுவதை முதலில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தூரில் எந்த மெஸ்ஸும் ஒத்துக்கொள்ளாது. எச்சில் எங்களுக்குப் பெரிய சங்கதி. சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஜனம் நாங்கள். ஆனால் அந்த இரண்டு பேரும் ராகிக் களியை ஒரே உருண்டையாக வைக்கச் சொல்லி, பக்கத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கிள்ளித் தின்றுகொண்டே வந்து கடைசியில் நடுவில் சந்தித்துக்கொள்வார்கள்.

“இன்னாமே இது, வரப்பே இல்லாம துன்றாங்க?” என்று என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் வந்து முணுமுணுத்தார்.

“அவங்க தட்டு, அவங்க வாயி. உங்களுக்கு இன்னா?” என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதன் பிறகு அவர்களுக்கென்று ஒரு பெரிய தாம்பாளத்தை ஒதுக்கி வைத்தேன்.

இரண்டு பேரும் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டைச் சேர்ந்தவர்கள். இங்கே ஒரு கல்லூரியில் படித்தார்கள். நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்களுடைய தாய் தகப்பன் அங்கேதான் இருக்கிறார்கள், அந்த ஜனாதிபதியும் அங்கேதான் இருக்கிறார். ஒருவனுடைய அப்பா அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். அவனை நாங்கள் வாத்தியார் மகன் என்போம். இன்னொருவன் தாடி வைத்தவன். அதனால் தாடிக்காரன். தாடிக்காரனும் அதே பள்ளிக்கூடத்தில் அதே வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்தவன்தான். இங்கே வந்து ஒரே அறையில் இருந்தார்கள். எங்கள் மெஸ்ஸுக்கு அவர்களை இழுத்து வந்தது களி. அவர்கள் ஊரிலும் இதே போல ஒன்று உண்டாம், சோள மாவில் கிண்டுவதாம், வெள்ளையாக இருக்குமாம். “இது அதோட கறுப்புத் தம்பி” என்றான் வாத்தியார் மகன்.

அவர்கள் பேசியது இங்கிலீஷும் அரைகுறைத் தெலுங்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் இங்கிலீஷ் பார்சல் இங்கிலீஷ், இருப்பதைக் கட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். இங்கே அவர்கள் பேசியதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு அவர்கள் சித்தூர்க்காரர்களாகத் தெரிந்தால் அது என் கைவேலை.

மெஸ்ஸில் தினமும் மத்தியானம் வருகிறவர்களில் ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர் உண்டு. சித்தூர் திருப்பதி ரூட்டில் கிழித்துத் தள்ளியவர். டிக்கெட்டையும் சரி, வாயையும் சரி. எங்கள் ஊர்த் தேர்தலில் அவர் பாதி மீசையைப் பந்தயம் கட்டித் தோற்றார். வாக்குத் தவறாமல் ஒரு பக்கத்தைச் சிரைத்துக்கொண்டு, அது வளருகிற வரைக்கும் அதே கோலத்தில் வந்து அதே மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாராவது சிரித்தால், “ஜனநாயகம்னா கொஞ்சம் சிரைக்கும்ப்பா” என்பார். இந்த ஊரில் தேர்தல் என்றால் பந்தயம் இல்லாமல் இல்லை. தோற்றவர்கள் மெஷின் மேல் பழி போடாமலும் இல்லை.

அந்த இரண்டு பேருக்கும் இது வேடிக்கையாக இருந்தது.

“உங்க ஊர்ல பந்தயம் கட்டுவீங்களா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“எப்பிடிக் கட்டறது?” என்றான் தாடிக்காரன். “எதிர்ப் பந்தயம் கட்ட ஆளே கெடைக்க மாட்டான். யார் ஜெயிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“அவ்ளோ நல்லவரா?”

“எங்க அண்ணன் பொறந்தப்போ அவர்தான் ஜனாதிபதி. நான் பொறந்தப்பவும் அவர்தான். எனக்கு ஓட்டு வந்தப்பவும் அவர்தான்.”

கண்டக்டர் கை கழுவப் போனவர் நின்றார். “எங்க சாமி கூட வருஷத்துல ஒரு தபா உற்சவம்னு வெளிய வந்து சுத்திட்டுப் போறாரு. உங்காளு நாற்காலிய வுட்டு எழுந்திரிக்கவே மாட்டாரா?”

வாத்தியார் மகன் சிரித்தான். தாடிக்காரன் சிரிக்கவில்லை. அவனுடைய அண்ணன் அந்த முறை எதிர்க்கட்சிக்கு ஏஜெண்டாக உட்காரப் போவதாக அவன் முன்பே சொல்லியிருந்தான். உட்காரப் போகிற சாவடி அவர்கள் படித்த பள்ளிக்கூடம். அங்கே அதிகாரியாக இருக்கப் போகிறவர் அந்தத் தலைமை ஆசிரியர். அப்போது அது ஒரு குடும்பக் கதை போலத்தான் இருந்தது. “எங்கப்பா உங்கண்ணனுக்கு டீ வாங்கிக் குடுப்பாரு” என்று வாத்தியார் மகன் சொன்னதை நான் கேட்டேன்.

தை மாதம் அங்கே ஓட்டு நடந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து நாடு முழுவதும் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு களியை ஆற விட்டார்கள். களி ஆறினால் கல்.

எப்படித்தான் சேதி வரும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குள் போனால் சிக்னல் கிடைக்கும், யாராவது போய் அனுப்புவார்கள் என்றான் வாத்தியார் மகன்.

“நம்ம நகரிக்காரங்க பெட்ரோலுக்குத் தமிழ்நாட்டு பார்டர் தாண்டற மாதிரி” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு உலகம் எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் நகரி பக்கத்தில் வந்து நிற்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திருப்பதிக்குப் போனோம். அந்த நாட்டுப் பிள்ளைகள் திருப்பதியில் நிறையப் பேர் படிக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் கூடி, ஜெபம் பண்ணி, ஆடிப் பாடி, சாப்பிட்டுக் கலைவார்கள். அந்த முறை களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு வேனை ஏற்பாடு செய்தார். அண்டாக்களுக்கு நடுவில் நானும், முன்னால் அந்த இரண்டு பேருமாகப் போய் இறங்கினோம்.

ஹாலில் பாட்டு இல்லை. நாற்காலிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. நடுவில் ஒரு நடைபாதை அளவுக்கு வெற்றிடம். யாரும் போட்டுவைத்ததல்ல, உட்கார உட்கார அப்படி ஆகியிருந்தது. ரேடியோவில் முடிவு சொல்லிவிட்டார்களாம். ஜனாதிபதி மறுபடியும் ஜெயித்துவிட்டார். ஒரு பக்கத்தில் இருந்தவர்கள் அதை நம்பினார்கள், அல்லது நம்புவதாக இருந்தார்கள். இன்னொரு பக்கம் நம்பவில்லை.

நான் களியைத் தட்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் எழுந்து வந்து தாடிக்காரனிடம் போனைக் கொடுத்தாள். எல்லை தாண்டிய ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து அனுப்பிய குரல் பதிவு. பேசியது தாடிக்காரனின் அண்ணன். ஹாலில் எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் பாஷை புரியவில்லை; மூச்சு வாங்கப் பேசுகிறவனின் குரல் என்பது மட்டும் புரிந்தது. பக்கத்தில் நின்ற பெண்தான் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

அந்த ஊரில் ஓட்டு எண்ணி முடித்ததும் கணக்கைப் பள்ளிக்கூடக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்களாம். வாத்தியார் தன் கையால் எழுதினார். ஜன்னல் வழியாக ஊரே பார்த்தது. அதில் ஜனாதிபதி தோற்றிருந்தார். பிறகு ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். ஏஜெண்டுகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்தபோது பலகை வெறுமையாக இருந்தது. ரேடியோவில் சொன்ன கணக்கு வேறு. ‘பலகையைத் துடைத்தது வாத்தியார்தான், டஸ்டர் அவர் கையில் இருந்தது’ என்று சொல்லிவிட்டு அண்ணன் யாரையோ பார்த்துக் கத்துகிறான். அதோடு பதிவு முடிகிறது. அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

தாடிக்காரன் போனைத் திருப்பிக் கொடுத்தான். வாத்தியார் மகன் நடைபாதைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். “எங்கப்பா பலகையை அழிக்கவே மாட்டாரு. பசங்க எழுதி முடிக்கற வரைக்கும் தொட மாட்டாரு. உனக்கே தெரியும்” என்றான்.

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்கண்ணன் கொரலு” என்றான் தாடிக்காரன்.

போகும்போது ஒரே வேனில் போனவர்களில், வரும்போது ஒருவன் எங்களோடு வந்தான், ஒருவன் பஸ்ஸில் வந்தான். குழம்பு பாதிக்கு மேல் மிஞ்சி அண்டாவில் அலம்பிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு தாம்பாளம் சும்மா கிடந்தது. இரண்டு தட்டு, இரண்டு மூலை. பார்சல் என்றால் இரண்டு கவர். ஒருவன் வந்து போன பிறகுதான் மற்றவன் வருவான். தாடிக்காரன் பாதியில் எழுந்துவிடுவான். அண்ணனைப் பற்றிச் சேதி உண்டா என்று நான் கேட்பதில்லை. அவன் முகம் சொல்லிவிடும். பங்காருபாளையத்து மாங்காய் மண்டியில் எடை போடுகிற என் வீட்டுக்காரர் சீசன் இல்லாத மாதங்களில் மெஸ்ஸில்தான் இருப்பார். அவர் தன் பாணியில் விளக்கினார்: “மரத்துல எவ்ளோ காய்னு தோட்டக்காரனுக்குத் தெரியும். மண்டியில எவ்ளோன்னு மண்டிக்காரன் சொல்லுவான். ரெண்டும் ஒத்து வந்ததா சரித்திரமே கெடையாது. அதுக்கு எடை போட்டவனோட புள்ளைய இன்னா பண்ணறது?”

கண்டக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் தாடிக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் மகனும் வந்துவிட்டான். கண்டக்டர் கையை உதறிக்கொண்டு எழுந்து நடுவில் நின்றார்.

“இங்க பாருங்கப்பா. இதுக்குப் போயி இவ்ளோ தூரம் ஏன்? காணிப்பாக்கம் எதுக்குக் கீது? பஸ் ஏறுனா அரை தூக்கம் போடறதுக்குள்ள வந்துடும். கோனேர்ல மூழ்கி, ஈரத்துணியோட சாமி முன்னாடி ‘எங்கப்பா அழிக்கல’ன்னு ஒரு பிரமாணம். முடிஞ்சது கத.”

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் கிணற்றுத் தண்ணீருக்குள் இருக்கிறார். சத்தியத்துக்குச் சாமி அவர். கோனேரு என்பது கோயில் குளம். நிலத்தகராறு, திருட்டு, குடும்பச் சண்டை, எதுவானாலும் எங்கள் பக்கத்தில் கடைசி வார்த்தை ‘காணிப்பாக்கம் வர்றியா?’ என்பதுதான். அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான். அதைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: கரைவரை வந்து சத்தியம் செய்யாமல் திரும்பினவன் குற்றவாளி.

“அப்பன் பண்ணதுக்குப் புள்ள எப்பிடிண்ணா பிரமாணம் பண்ணுவான்?” என்று நான் கேட்டேன்.

“ஏம்மா தங்கச்சி, ரத்தம் ஒண்ணுதானே? அண்ணனுக்குத் தம்பி பண்ணியிருக்கான், நைனாவுக்குப் புள்ள பண்ணியிருக்கான். நான் டிக்கெட் கிழிச்சி ஏத்தி எறக்கின கேசுங்க எத்தினி.”

நான் வாத்தியார் மகனுக்கு விளக்கினேன். ‘நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்’ என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தேன். அவனோ முகம் தெளிந்து, தங்கள் ஊரிலும் உண்டு, மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்வார்கள் என்றான். “பண்றேன். எங்கப்பாவுக்காக எத்தன தடவ வேணும்னாலும் மூழ்கறேன்.”

கண்டக்டர் தாடிக்காரனைப் பார்த்தார். “நீ இன்னாப்பா சொல்ற? அவன் சொன்னா ஒத்துக்குவியா?”

தாடிக்காரன் வெகுநேரம் களியைக் கிள்ளிக்கொண்டிருந்தான். “ஒத்துக்குவேன்” என்றான். “அதுக்கப்புறம் ஒண்ணா துன்னுவேன்.”

வரும் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. மெஸ்ஸில் எல்லோருக்கும் நிம்மதி. வாத்தியார் மகன் சொல்லப்போவது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை. கடல் தாண்டி நடந்த தேர்தலை நாங்கள் ஒரு பஸ் பயணத்தில் தீர்க்கப் போகிறோம் என்கிற தோரணை வந்துவிட்டது.

வியாழக்கிழமை அங்கே நெட் திரும்பி வந்தது. வாத்தியார் மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் பின்கட்டுக்கு ஓடினான். நான் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிச் சுற்றி நடந்தான். முதலில் சிரித்தான், பிறகு எதையோ கேட்டான். பதில் வந்தது. மறுபடியும் அதையே கேட்டான். பாஷை தெரியாவிட்டாலும் அதே வாக்கியம் என்பது தெரிகிறது அல்லவா. மறுபடியும் சின்னப் பதில். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. போனை இறக்கிவிட்டுத் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தான்.

“அப்பா நல்லா கீறாரா?” என்றேன்.

“நல்லா இருக்காரு ஆண்ட்டி.”

“சாப்புடறியா?”

வேண்டாம் என்று தலையாட்டினான். நான் மேலே கேட்கவில்லை. நாளைக்குப் போக வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். போகலாம் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்காரரையும் சேர்த்து ஐந்து பேரும் போனோம். கண்டக்டர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஊர் வருகிறபோதெல்லாம் ஸ்டாப்பிங் பெயரைக் கூவினார். பழக்கம். கோயிலுக்குள் முறைப்படி செய்ய வேண்டும் என்றால் கேட்டு, காத்திருந்து, ஆயிரம் இருக்கிறது. அதனால் கோனேருப் படியிலேயே நின்று கோபுரத்தைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று அவரே தீர்ப்புச் சொல்லியிருந்தார். “தண்ணிக்குள்ள கீறவருக்கு எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்.”

வாத்தியார் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினதும் நாலு பேர் கூடிவிட்டார்கள். அங்கே பூ விற்கிற ஒரு அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னாம்மா கேசு? நெலமா, பொம்பளையா?”

“எலெக்சன்” என்றார் கண்டக்டர்.

“எந்த வார்டு?”

“ஆப்பிரிக்கா.”

“அப்பிடி ஒரு வார்டு கீதா?” என்று அவள் என்னைக் கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லை.

தை மாதத் தண்ணீர். அவன் மூழ்கி எழுந்தபோது பல் அடித்துக்கொண்டது. ஈரத்துணியோடு ஒரு படி ஏறி வந்து கோபுரத்தைப் பார்த்து நின்றான். தாடிக்காரன் நாலு படிக்கு மேலே, கையில் துண்டோடு. கண்டக்டர், “சொல்லுப்பா, ‘எங்கப்பா அந்தப் பலகையை அழிக்கல’. அவ்ளோதான்” என்று எடுத்துக் கொடுத்தார்.

அவன் சொல்லவில்லை.

“சொல்லு, சொல்லு. குளிரும்.”

அவன் கோபுரத்தை விட்டுத் தாடிக்காரன் பக்கம் திரும்பினான். எங்களுக்கும் புரிய வேண்டும் என்று இங்கிலீஷிலேயே சொன்னான். “எனக்குத் தெரியாது. நேத்து எங்கப்பாவைக் கேட்டேன். பலகையை யாரு அழிச்சதுன்னு கேட்டேன். அங்க மழை பெய்யுதான்னு கேட்டாரு. மறுபடியும் கேட்டேன். நல்லா சாப்பிடறியான்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். இதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னா பொய்.”

நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். கூடியிருந்தவர்களில் ஒருவர் “தப்பிஞ்சுகுன்னாடு” என்றார். தப்பித்துக்கொண்டானாம். பூக்கார அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். எங்கள் ஊர் விதிப்படி பலகையைத் துடைத்தது யார் என்பது அந்தப் படியிலேயே முடிவாகிவிட்டது.

தாடிக்காரன் துண்டை நீட்டவில்லை. படியில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

திரும்பும்போது அவன் முன்னால் டிரைவரோடு உட்கார்ந்துகொண்டான். கண்டக்டர் ஸ்டாப்பிங் எதையும் கூவவில்லை. கொஞ்ச தூரம் போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில், “பாத்தியாம்மா, பின்வாங்கிட்டான். வாத்தியார்தான் அழிச்சிருக்கான்” என்றார்.

“பின்வாங்கறவன் எதுக்குய்யா தண்ணில எறங்கறான்?” என்றார் என் வீட்டுக்காரர். “வூட்டுலயே படுத்துகினு வயித்துவலின்னு சொல்லியிருப்பான்.”

“பிரமாணம் பண்ணானா? பண்ணலியே?”

“பண்ணான். நீ எழுதிக் குடுத்ததப் பண்ணல. அவ்ளோதான்.”

நான் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். ‘அழிக்கவில்லை’ என்று அவன் சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம். மத்தியானமே தாம்பாளத்தை எடுத்துக் கழுவியிருப்பேன். அவன் தகப்பனாரின் பேர் சித்தூரில் காப்பாற்றப்பட்டிருக்கும். அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ளத்தான் அவன் அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினான் என்பது நடந்த கதை.

அதன் பின் வாத்தியார் மகன் மெஸ்ஸுக்கு வருவது நின்றது. அறையில் பிரெட்டும் வாழைப்பழமும் தின்கிறான் என்று கேள்விப்பட்டேன். அறையை மாற்றிக்கொள்ளவில்லை. தாடிக்காரன் தனியாக வருவான், மூலையில் உட்காருவான். வீட்டுக்காரர் ஒருநாள் பொறுக்காமல், “ஒரே ரூமுல எப்பிடிப்பா கீறீங்க?” என்று கேட்டுவிட்டார்.

“அவன் சுவத்தப் பாத்துப் படுத்துக்கறான். நான் ஜன்னலப் பாத்துப் படுத்துக்கறேன்” என்றான். பிறகு, கேட்காமலே, “பொய் சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்” என்றான். எச்சில் தட்டை அவனே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டான்.

சில நாள் கழித்துத் திருப்பதியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. அவனுடைய அம்மா அண்ணனுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊர்ச் சிறை வாசலாகப் போயிருக்கிறாள். எல்லா இடத்திலும் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஆளைக் காட்டவில்லை, பேர் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. ஆனால் துணியை வாங்கிக்கொண்டார்கள்.

“ஆள் இல்லன்னா துணிய வாங்க மாட்டாங்க ஆண்ட்டி” என்றான். அதை இரண்டு தடவை சொன்னான். அன்றைக்குக் களியை முழுதாகச் சாப்பிட்டான்.

ஜனாதிபதி பதவி ஏற்ற அன்று மெஸ்ஸில் கூட்டம் குறைவு. தாடிக்காரன் போனைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்திருந்தான். நாங்களும் சுற்றி நின்று பார்த்தோம். பெரிய மைதானம், பந்தல், பேண்டு வாத்தியம், வரிசையாகப் படை. வயதான மனிதர், அருமையாகத் தைத்த கோட்டு. ஒரு கையைப் புத்தகத்தின் மேல் வைத்து, மறுகையைத் தூக்கி, எதிரே நின்றவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்.

“இது இன்னா பண்றாரு?” என்றார் கண்டக்டர். அவருடைய மீசை அதற்குள் இரண்டு பக்கமும் சமமாக வந்திருந்தது.

“பிரமாணம்” என்றேன். “பதவிப் பிரமாணம்.”

கண்டக்டர் குனிந்து அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார். “ஒரு சொட்டு நனையலியேம்மா” என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே குறையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. போய்த் தன் மூலையில் உட்கார்ந்துகொண்டார். வாத்தியார்தான் துடைத்தார் என்பதில் அவர் இன்றுவரை மாறவில்லை.

பேண்டு முழங்கத் தொடங்கியபோது தாடிக்காரன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். சாப்பிட உட்காரவில்லை. கல்லாவுக்கு வந்து பார்சல் வேண்டும் என்றான்.

“ஒண்ணா?”

“ரெண்டு ஆளுக்கு.”

நான் கவர்கள் இரண்டை எடுத்து ஊதிப் பிரித்தேன். அவன் ஒன்றை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கின் மேல் வைத்தான்.

“களி ஒரே உருண்டையா வைங்க ஆண்ட்டி. பெருசா.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். “கொழம்பு மட்டும் தனித்தனியா கட்டுங்க.”

அப்படியே கட்டிக் கொடுத்தேன்.